வீடு மாற்றப் போகிறீர்களா, சகோதரி?

ஆடியில் வீடு மாற்றமாட்டோம், மார்கழியிலும் மாட்டோம். அதனால் ஆவணியோ தையோ பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு சாமான் வண்டி நிற்கும். பள்ளிக்கூட லீவு வரும் மே மாதத்திலும் இதே கதைதான். முன்பெல்லாம் ஒரு டெம்போவைப் பிடித்து, பாத்திரத்தைச் சாக்கில் கட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒரு கை பிடிக்கச் சொல்லி முடித்துவிடுவோம். இப்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்களே வந்து கட்டி, ஏற்றி, இறக்கியும் கொடுக்கிறார்கள். இடுப்பு வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் இது பெரிய ஒத்தாசைதான். ஆனால் காசு கொடுத்துவிட்டோமே என்று சும்மா இருந்துவிட முடியாது.

என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகும் உத்தியோகம். கல்யாணமான 22 வருஷத்தில் ஐந்து வீடு பார்த்தாயிற்று. கடைசியாக வந்தது கோவையிலிருந்து தர்மபுரிக்கு. அந்த அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் விலை பேசுவது. போனிலேயே "எல்லாம் சேர்த்து இவ்வளவும்மா" என்பவரிடம் சரி என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். பரண், மொட்டை மாடி, கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அத்தையின் ஆட்டுக்கல் ஒன்று உண்டு. பார்க்க வந்த பையன், "கல்லுக்குப் போய் வண்டி வாடகை குடுப்பாங்களாம்மா?" என்று சிரித்தான். அத்தை விடுவார்களா? "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து என்கூட இருக்குது தம்பி. அது வரலேன்னா நானும் வரலே"ன்னுட்டாங்க. பட்டியலில் ஆட்டுக்கல்லையும் எழுதினோம். நமக்குக் கல், அவர்களுக்கு அது ஒரு ஆயுசு. வயசானவர்களின் பொருளைக் கழிக்கும்முன் அவர்களையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேசியதை எழுதி வாங்குங்கள். எத்தனை உருப்படி, எந்தத் தேதி, இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல் வரை வருமா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் பொறுப்பு, கட்டிலையும் பீரோவையும் அவர்களே பூட்டித் தருவார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கொஞ்சமாவது இறக்கிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வண்டி தர்மபுரி வந்து சேர்ந்ததும் கூட வந்தவர், "தெரு குறுகலா இருக்குங்க, ரெண்டாவது மாடி வேற. இன்னொரு ஆறாயிரம் குடுத்தாத்தான் தார்ப்பாயை அவுப்போம்" என்றார். அடுப்பு, துணிமணி, பிள்ளைகள் புத்தகம் எல்லாம் வண்டிக்குள்ளே. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். "இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, தெரு முனையிலிருந்து சுமந்து வருவது உட்பட" என்று எழுதி அவர்கள் கையெழுத்தே போட்டிருந்தது. முதலாளியிடம் அரைமணி நேரம் போனில் பேச்சு. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. "ஏத்துனவங்களுக்குத்தான் கூலி குடுத்தாரு. இறக்குற கூலியை உங்ககிட்ட வாங்கிக்கச் சொல்லிட்டாருக்கா" என்றார் அந்த ஆள். பாவம், அவரும் கூலிக்காரர்தானே. காகிதத்தைப் பார்த்தபின் முதலாளியே கூலியை ஒத்துக்கொண்டார், சாமானும் இறங்கியது. நாங்கள் எல்லாருக்கும் டீயும் டிபனும் வாங்கிக் கொடுத்தோம். அது நம் மரியாதை, மிரட்டலுக்குக் கொடுப்பது அல்ல.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் வந்து, 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி சரக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனி பதிவு செய்திருக்க வேண்டும், சரக்குக்கு ரசீதும் தர வேண்டும். அந்த ரசீது இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள். பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ கோர்ட்டுக்குப் போகும்முன், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அவர்கள் தரும் நஷ்டஈட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதனால் டி.வி., ஃபிரிட்ஜ் போன்றவற்றின் மதிப்பை முன்னாலேயே எழுதிக் கொடுத்து, இன்ஷூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். இங்கிருந்து சேலம் பக்கம் போகிறவர்கள் இறங்குகிற தொப்பூர் கணவாயில் லாரி விபத்துச் செய்தி எத்தனை படித்திருக்கிறோம்! தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இனி கட்டுகிற வேலை. நகை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, தினசரி மாத்திரை இவை வண்டியில் ஏறவே கூடாது, நம் கையோடு வரவேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தி, ஐஸ் கரைந்ததும் துடைத்து வையுங்கள். நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். புது வீட்டில் வைத்த உடனே ஸ்விட்ச் போடாமல் சில மணி நேரம் விடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியையும் படுக்க வைக்கக் கூடாது, ஆசிட் கொட்டும். ஊறுகாய் ஜாடியைக் காலி செய்துவிடுவது உத்தமம். ஒவ்வொரு பெட்டியிலும் நம்பரும், எந்த அறைக்கு என்றும் எழுதி, அதே நம்பரை ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது படித்த பிள்ளை ஒன்றை வாசலில் நிறுத்தி டிக் அடிக்கச் சொன்னால் ஒரு உருப்படியும் தப்பாது.

கேஸ் சிலிண்டரைச் சாமானோடு ஏற்றவே ஏற்றாதீர்கள், ஆபத்து. வேறு ஊர் போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, அவர்கள் தரும் வவுச்சரையும் டெபாசிட் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊர் ஏஜென்சியில் வவுச்சரைக் காட்டி இணைப்பு எடுக்கலாம். அடுப்பை மட்டும் நம்மோடு கொண்டுவரலாம்.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிற தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். வீட்டில் காற்று வருதா, வெளிச்சம் வருதா என்று பார்ப்பதோடு, குடிக்க எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பல் உருவாகிற வயசுப் பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுந்துவிடும், தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013இல் தொடங்கினார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று அட்வான்ஸ் கொடுக்கும்முன் கேட்டுவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் அது, துவைக்கவும் கழுவவும் போர் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளலாம். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

கடைசியாக, முதல் ராத்திரிக்கென்று தனியாக ஒரு பை. பால் காய்ச்சும் பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, ஆளுக்கொரு மாற்றுத் துணி, தட்டு டம்ளர், பாய், கொசுவத்தி, குழந்தையின் பால் பாட்டில். இது உங்கள் மடியிலேயே இருக்கட்டும். மற்ற பெட்டிகளை ஒரே நாளில் பிரித்து அடுக்கவேண்டுமென்று மல்லுக்கட்டாதீர்கள். பாலைப் பொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளைகளோடு பாயை விரித்துப் படுங்கள். மீதியை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.