எண் பலகை சொல்லும் வயது

விருதுநகர்ப் பக்கம் பழைய பஜாஜ் ஆட்டோ தேடுபவர்கள் புதுப் பெயின்டைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். முதலில் இன்ஜின் எங்கே என்று பாருங்கள். பஜாஜ் பின்பக்க இன்ஜின் ஆட்டோவைக் கொண்டுவந்தது 1977-இல்தான். இன்ஜின் பின்னால் இருக்கிற வண்டியை ‘1972 மாடல்’ என்று விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடுத்தது எண் பலகை. இன்றைய டி.என். எண் வரிசை 1989-க்குப் பிறகு வந்தது. எழுபதுகளின் வண்டியில் டி.என். 67 இருந்தால், எங்கிருந்து வந்து மறுபதிவானது என்று கேளுங்கள். சேஸிஸ் எண்ணைத் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதக் கட்டு இழுத்த வண்டியா? (இங்கே பலவும் அப்படித்தான்.) அடிச்சட்டத்தில் வெல்டிங் தழும்பு தேடுங்கள். ஆவணம் சுத்தமான 1985 வண்டிக்கு, ஆவணமில்லாத 1975-ஐவிட அதிக விலை தரலாம் என்பேன்.