ஒன்பது ஜோடிக்கு இருபது பானை

ஒன்பது ஜோடிக்கு ஒன்பது பானை போதும் என்று நினைத்திருந்தேன். மைசூரு சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்தடி நீளம், ஆறடி அகலத்துக்கு வலையடித்த கூண்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஜீப்ரா ஃபிஞ்ச் ஐந்து ஜோடி, பெங்காலி ஃபிஞ்ச் மூன்று ஜோடி, கூல்டியன் ஒரு ஜோடி. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குருவி வளர்க்கிறவர்கள் இதைக் ‘காலனி’ என்பார்கள். அவை கூடு கட்ட மண்பானைகளைக் கட்டுக்கம்பியால் வலையோடு சேர்த்துக் கட்டினேன். மூலையில் கட்டிய ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு முழம் உயரமாக, கூரையை ஒட்டி அமைந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததிலிருந்து அந்த ஒரு பானைக்குத்தான் சண்டை. எட்டுப் பானை காலியாகத் தொங்குகிறது, நான்கு ஆண் குருவிகள் ஒரே வாசலில் ஒன்றின் வாலை ஒன்று கவ்வி இழுக்கின்றன. ஒரு பெட்டை முதுகில் இறகு பிய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தது.

துணி காயப்போட மாடிக்கு வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். “எல்லாத்தையும் ஒரே மட்டத்துல கட்டுடா. ஒருத்தருக்கு மட்டும் மெத்தை வீடு குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?” என்றாள்.

அன்று மாலையே அவிழ்த்துக் கட்டினேன். இன்னும் பதினொரு பானை வாங்கி வந்து, இருபதையும் கூரையிலிருந்து ஒரு சாண் இறக்கி, ஒரே வரிசையில், ஒன்றின் வாசலிலிருந்து இன்னொன்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் சண்டை ஓய்ந்தது.

அந்தக் குருவிகள் மேல் தப்பில்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் முட்புதருக்குள் கூடு கட்டுகிற இனம் ஜீப்ரா ஃபிஞ்ச். உயரமும் மறைவும் அதற்கு உயிர்ப் பிரச்சினை. அங்கே ஓர் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த புதருக்குப் பறந்துவிடலாம். என் கூண்டில் அடுத்த புதர் கிடையாது. பறந்துபோகிற வழியை நான்தான் வலைபோட்டு அடைத்தேன்; புதரைக் கொண்டுவந்து தொங்கவிட வேண்டியதும் நான்தான். ஜோடி எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு பானை வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். பானை விலைக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு ஜோடியைக் குறைத்துக்கொள்ளட்டும். லவ் பேர்ட்ஸை இந்தக் கூண்டில் சேர்க்கவே வேண்டாம். அவை ஃபிஞ்சின் காலைக் கடித்துவிடும்.

பானை கிடைத்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன போகிறது என்பதும் முக்கியம். ஆண் ஜீப்ரா தேங்காய் நார் ஒன்றைக் குறுக்காகக் கவ்வி வந்து, வாசலில் இடித்து, கீழே போட்டு, மறுபடி நுனியைப் பிடித்து எடுத்து நேராக உள்ளே இழுப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நார் கிடைக்கிறவரை அது நிறுத்தாது. முட்டை வந்த பிறகும் கட்டும். முதல் வருடம் ஒரு பானையைச் சுத்தம் செய்தபோது நாருக்குக் கீழே ஐந்து முட்டை, அதன்மேல் ஒரு படுகை, அதற்கு மேலே இன்னும் நான்கு முட்டை. கீழே புதைந்த ஐந்தும் ஆறிப் போயிருந்தன. முதல் முட்டையைக் கண்டதும் மிச்ச நாரையும் புல்லையும் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று தையல் மிஷின் பக்கத்தில் கிடந்த நூல்துண்டுகளை ஒருமுறை உள்ளே போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டை பானை வாசலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் காலைச் சுற்றி இறுக்கியிருந்தது. கத்தரித்து எடுத்தேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் இரண்டு விரல் போய்விட்டது. இன்றும் அது கிளையில் உட்கார ஒரு பக்கம் சாயும்போது எனக்குப் பார்க்கச் சகிக்காது. விரல் நீளத்துக்கு நறுக்கிய தேங்காய் நார், காய்ந்த புல், இவை போதும். நூல், முடி, பஞ்சு வேண்டவே வேண்டாம்.

பெங்காலிகளின் சங்கடம் வேறு. அவை சண்டைக்கே போகாது. ராத்திரியானால் ஆறும் ஒரே பானைக்குள் நெருக்கிக்கொண்டு படுக்கும், முட்டை உடைந்து போகும். அதனால் முட்டையிடும் காலத்தில் அவற்றை ஜோடி ஜோடியாகத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுகிறேன். பெயரில் வங்கம் இருந்தாலும் இது வங்கத்துக் குருவி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன வெள்ளைமுதுகுச் சில்லையின் வழிவந்தது. நாம் தினைக்குருவி என்கிற கூட்டத்தைச் சேர்ந்த அதே சில்லை மேற்குத் தொடர்ச்சி மலையோரம் இன்றும் சுதந்திரமாகத் திரிகிறது. அதைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பவர்களிடம் ஏமாந்து வாங்கி வந்துவிடாதீர்கள்.

வெளியில் இருக்கிற சில்லைகளின் சாமர்த்தியம் அபாரமானது. வெண்தொண்டைச் சில்லை பல சமயம் தானாகக் கட்டுவதில்லை. தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டில் குடியேறிவிடும். மனிதர் கைகொடுத்தாலும் பறவைகள் ஏற்றுக்கொள்கின்றன. பறவையியலாளர் சாலிம் அலி 1939-40இல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது, காவிரித் தீவுகளில் நாரைகள் கூடு கட்டுவதைப் பார்த்து மன்னரிடம் எடுத்துச் சொன்னார். 1940இல் அந்தத் தீவுகள் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயமாயின. வெள்ளம் அரித்த தீவுகளை வனத்துறை மணல்மூட்டை அடுக்கிப் பலப்படுத்தியிருக்கிறது. கரை நின்றால் மரம் நிற்கும், மரம் நின்றால் கூடு நிற்கும்.

கூல்டியன் கதைக்கு வருகிறேன். வட ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரப்பொந்தில் முட்டையிடுகிற பறவை அது. ரொம்பச் சாது. ஜீப்ரா ஒன்று வாசலில் வந்து நின்றாலே இடத்தை விட்டுக் கொடுத்துவிடும். முட்டையை எடுத்துப் பெங்காலிக்கு வைத்துவிடுங்கள், அது வளர்த்துக் கொடுக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு சரியான வீட்டைக் கொடுக்காமலே தாயாக லாயக்கில்லை என்று எப்படி முடிவு கட்டுவது? கூண்டின் கடைசியில் ஒரு தடுப்பு வலை அடித்தேன். ஆழமான மரப்பெட்டி ஒன்றை, வாசல் சுவரைப் பார்த்து இருக்கும்படி மாட்டினேன். கொஞ்சம் புல் மட்டும் போட்டேன். கடல்நுரையும் முட்டையோட்டுப் பொடியும் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். மைசூரு மார்கழிக் குளிரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. பதினாறு நாள் பெட்டிப் பக்கமே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் தினை கொத்த இறங்கிய நேரம் பார்த்து, மூடியை விரலளவு தூக்கி டார்ச் அடித்தேன். மூன்று வாய்கள் திறந்தன. ஒவ்வொரு வாயின் ஓரத்திலும் நீலப் பொட்டுகள் வெளிச்சத்தில் மின்னின. பொந்தின் இருட்டிலும் தாய்க்கு வாய் இருக்கும் இடம் தெரிய அவை உதவுமாம். “எத்தனைடா?” என்று அம்மா கீழிருந்து கேட்டாள். மூன்று விரலைக் காட்டிவிட்டு மூடியைச் சத்தமில்லாமல் வைத்தேன்.