கூட்டாத மூலைக்கு வரும் விருந்தாளி

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் நமது வளவுகளுக்கு அழையாத விருந்தாளிகள் சிலர் வந்து சேருகின்றனர். அவர்களிடம் கடவுச்சீட்டும் இல்லை, பயணப் பொதியும் இல்லை. வடக்கே குளிர் மிகுந்து பூச்சி புழுக்கள் அருகும் காலத்தில், இரை தேடித் தெற்கு நோக்கிப் பறந்து வரும் வலசைப் பறவைகளே அவர்கள். நமக்கு மாரி என்றால் மழை. அவற்றுக்கோ நமது மாரி உயிர் காக்கும் காலம்.

இவற்றைக் காண மன்னார்க் கரையோரம் வரை செல்ல வேண்டும் என்பதில்லை. குசினி யன்னலே போதும். வேலிக் கதியாலின் உச்சியில் அமர்ந்து கரகரத்த குரலில் அதட்டும் பழுப்புக் கீச்சான், வட ஆசியாவிலிருந்து வந்தது. சென்ற ஆண்டு ஆட்சி செய்த அதே வளவைத் தேடி மறு ஆண்டும் வந்து சேரும் வழக்கம் இதற்கு உண்டு. மரநிழலில் நடந்து திரியும் காட்டு வாலாட்டியும் கிழக்கு ஆசியாவிலிருந்து வருவதே. ஏனைய வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைக்க, இது மட்டும் உடலோடு பக்கவாட்டில் அசைக்கும். வெண்பட்டு நாடா போன்ற நீண்ட வாலுடன் மரத்துக்கு மரம் தாவும் ஈபிடிப்பானைச் சிங்கள மக்கள் ‘துணிக் கள்வன்’ என்பர். இந்நாட்டிலேயே நிலையாக வாழும் அதன் இனத்து ஆண்பறவை என்றும் செம்பழுப்பாகவே இருக்கும். வெள்ளையுடை தரித்து வருவது இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி.

இவர்கள் அனைவரினும் அழகன் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, கண்ணின் குறுக்கே கருங்கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறமும் ஒரு சாண் அளவே உள்ள உடலில்! வட இந்தியர் இதை ‘நவரங்’ என்று அழைப்பதில் வியப்பில்லை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால் நம்மவர் இட்ட பெயரும் பொருத்தமானதே. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடிரவாகப் பறந்து இது இங்கு வருகிறது. இமய அடிவாரத்திலிருந்து யாழ்ப்பாணம் 2,000 கிலோமீற்றருக்கு மேல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன? தானியமன்று, பழமுமன்று, சருகு! உதிர்ந்த இலைகளைப் புரட்டி, அவற்றின் கீழ் வாழும் புழுவையும் வண்டையும் உண்டே அது சித்திரை வரை உயிர் வாழ வேண்டும். நாமோ விடியற்காலையில் விளக்குமாற்றை எடுத்து, முற்றம் தொடங்கிக் கோடிவரை ஓர் இலையும் எஞ்சாமல் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். வளவு துப்புரவாகிறது, விருந்தாளியின் சோற்றுப் பானை சாம்பலாகிறது.

முற்றம் கூட்டுவது நமது இல்லங்களின் பெருமை. அதைக் கைவிடுமாறு எவரும் கேட்கவில்லை. கோடிப்புறத்து மாமரத்தின் கீழோ பலாவின் கீழோ ஒரு மூலையை மாத்திரம் கூட்டாது விடுங்கள். பாம்புக்கு அஞ்சுவோர் அம்மூலையை வாசலுக்கும் கிணற்றடிக்கும் தொலைவாக வைத்துக்கொள்ளலாம். டெங்கு நுளம்பு வருமே என்பீர்கள். நுளம்பு பெருகுவது தேங்கிய நீரில். ஆகவே சிரட்டை, தகரம், தயிர்ச்சட்டி, பிளாஸ்ரிக் கோப்பை ஆகியவற்றைத் தவறாது பொறுக்கி அகற்றுங்கள். பறவைக்கென வைக்கும் தட்டையான மண்சட்டி நீரையும் நாள்தோறும் ஊற்றிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புங்கள்.

இனிப் படம் பிடிப்பது பற்றிச் சில சொற்கள். விலையுயர்ந்த கமரா இல்லையே என்று பிள்ளைகள் வருந்த வேண்டாம், பொறுமையே முதற்கருவி. பறவையை நோக்கி நடந்தால் அது பறந்துவிடும். திறந்த யன்னலுக்குப் பின்னே அசையாது அமர்ந்திருந்தால் அதுவே உங்களை நோக்கி வரும். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும் காலை வேளை நன்று. தாவித் திரியும் ஈபிடிப்பானுக்குச் செக்கனில் 500இல் ஒரு பங்கோ அதனினும் விரைவோ வேண்டும். ஆறுமணிக்குருவியோ இரண்டு மூன்று முறை தத்திவிட்டுச் சிலைபோல் நிற்கும். அந்நொடியில் 125இல் ஒரு பங்கு வேகமும் போதும், கை நடுங்காதிருந்தால். கமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். பளிச்சிடும் விளக்கு வேண்டாம். கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்து ஏமாற்றி அழைப்பதும் வேண்டாம். களைத்து வந்தவனை வீண்சண்டைக்கு இழுப்பது விருந்தோம்பலாகாது.

படம் எடுத்ததும் நாளையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஜீ. எம். ஹென்றி என்பார் தாமே சித்திரங்கள் தீட்டி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூல், பல்லாண்டு பொறுமையாகப் பார்த்ததன் பயனே. முதல்வரவு எந்நாள், கடைசியாகக் கண்டது எந்நாள் என்று ஒரு குடும்பம் பத்தாண்டு குறித்துவைத்தால், அது அறிஞரும் விரும்பிப் படிக்கும் ஏடாகும்.

இன்னுமொன்று. வந்திறங்கும் நாட்களில் ஆறுமணிக்குருவி களைப்பால் மதிமயங்கி வீட்டினுள் புகுவதும், கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அதைக் கூட்டில் அடைக்காதீர்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, பூனை அணுகாத அமைதியான இடத்தில் சிறிது நேரம் விடுங்கள். தெளிந்ததும் மரநிழலில் பெட்டியைத் திறந்தால் தானே சென்றுவிடும். தெளியாவிடின் மிருக வைத்தியரை நாடுங்கள்.

வருவிருந்தை வரவேற்பது தமிழர் பண்பு என்று மேடைதோறும் பேசுகிறோம். இந்த விருந்தாளிக்கு இலை போட வேண்டிய சிரமமும் நமக்கில்லை, மரமே போட்டுவிடுகிறது. அதை நாம் எடுக்காதிருந்தாற் போதும்.