பர்ஸ் பத்திரம்: வீட்டுக்கு ஒரு ட்யூப் போதுமா?

போன வாரம் எழுதின செகண்ட் ஹேண்ட் சைக்கிள் மேட்டருக்கு வந்த மெயில்களைப் படிச்சுக்கிட்டே வந்தா, நடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு மெயில். வேலூர்ல இருந்து செகண்ட் இயர் படிக்கிற ஒரு பொண்ணு.

"அண்ணா, சாயந்திரம் டியூஷன் எடுக்கறேன். அதுல மாசம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். எங்க வீட்ல நாலு பேர். அப்பா பைக்ல கூரியர் டெலிவரி. அம்மா கோயில் வாசல்ல பூ விக்கறாங்க, கன்னத்துல மங்கு வந்திருக்கு. தம்பி ஒன்பதாவது, எப்பப் பாரு கிரவுண்டுதான். நாலு பேருக்கும் சன்ஸ்க்ரீன் வாங்கணும். எதை வாங்கறது?"

ரெண்டு தடவை படிச்சேன் பாஸ். ஏன்னா, நம்ம வீடுகள்ல சன்ஸ்க்ரீன் ட்யூப் எங்க இருக்கும்? காலேஜ் போற நம்ம பேக்ல! நாம ஒன்பது மணிக்கு கிளாஸுக்குள்ள போய் ஃபேனுக்கடியில உக்காந்தா, அப்புறம் கேன்டீனுக்குப் போறதுதான் அதிகபட்ச வெயில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரோட்ல நிக்கறது அப்பாவும் அம்மாவும். இந்தப் பொண்ணு கணக்கை நேராக்கப் பார்க்குது. அதனால இந்த வாரம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டு, இந்த 500 ரூபாய்க்கு வருவோம்.

முதல்ல ஒரு அதிர்ச்சி வைத்தியம். எந்த பிராண்டுங்கறது ரெண்டாவது கேள்வி. எவ்வளவு பூசறோம்ங்கறதுதான் முதல் கேள்வி. லேப்ல எஸ்.பி.எஃப். டெஸ்ட் பண்ணும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் க்ரீம் பூசித்தான் அளக்கறாங்க. முகம், கழுத்து ரெண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஒரு கிராமுக்கு மேலயே வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினா, கிட்டத்தட்ட அந்த அளவு. நாம என்ன பண்றோம்? பட்டாணி சைஸ்ல எடுத்து, நெத்தி, கன்னம், மூக்குனு அஞ்சு பொட்டு வெச்சு, தேய்ச்சு முடிச்சுடறோம். அளவு பாதியாச்சுன்னா, ட்யூப்ல போட்டிருக்கற 50 உங்க மூஞ்சியில 25 ஆகவோ அதுக்கும் கீழயோ இறங்கிடும். 900 ரூபாய் ட்யூப்பைத் தங்கம் மாதிரி தொட்டுத் தொட்டுப் பூசறவரை விட, 300 ரூபாய் ட்யூப்பை ரெண்டு விரல் நிறையப் பூசறவர்தான் கில்லாடி.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 1.2 கிராம்னு வெச்சுக்குவோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும்ங்கறது டாக்டர்கள் சொல்ற ரூல். அதை விடுங்க, நாளைக்கு ரெண்டே ரெண்டு தடவைன்னே வெச்சுக்கிட்டாலும் நாலு பேருக்கு மாசம் 288 கிராம். 50 கிராம் ட்யூப் 400 ரூபாய்னா ஆறு ட்யூப், 2,400 ரூபாய்! நம்ம வேலூர் தங்கச்சியோட 500 ரூபாய் எங்கயோ போய் ஒளிஞ்சுக்கும். விளம்பரத்துல ஒரு குடும்பமே ஒரே குட்டி ட்யூப்பை வெச்சுக்கிட்டு பீச்ல சிரிக்குது பாருங்க... அது டகால்டி!

அப்ப என்ன வழி? க்ரீம் பூச வேண்டிய இடத்தைக் குறைக்கறதுதான். துணியால மூட முடிஞ்ச இடத்துக்கெல்லாம் க்ரீமை வீணாக்காதீங்க. துணி வியர்வையில வழியாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க மாத்த வேண்டாம். ஆஸ்திரேலியாவுல தோல் கேன்சர் ரொம்ப ஜாஸ்தி. அங்க 1981-ல ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க. ஒரு கார்ட்டூன் கடல்புறா டான்ஸ் ஆடிக்கிட்டே மூணு விஷயம் சொல்லும். சட்டையை மாட்டு, க்ரீமைப் பூசு, தொப்பியைப் போடு. வரிசையைக் கவனிங்க, சட்டைதான் ஃபர்ஸ்ட்!

எல்லாத் துணியும் வேலைக்கு ஆகாது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் பளிச்சுனு தெரிஞ்சா, வெயிலும் அதே வழியா உள்ள வரும். நெருக்கமா நெய்த துணி, கொஞ்சம் டார்க் கலர், முழுக்கை. ஸ்கூட்டில போறப்ப மூஞ்சியைச் சுத்திக் கட்டற மெல்லிசு துப்பட்டா தூசிக்கு ஓகே, வெயிலுக்கு சுமார்தான். ரெண்டு மடிப்பா கட்டினா தேவலை. மெல்லிசு வெள்ளை காட்டன் சட்டை வியர்வையில நனைஞ்சா இன்னும் மோசம்.

நடுவுல கொஞ்சம் சயின்ஸ், தூங்கிடாதீங்க. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் ரெண்டு வகை நம்ம மேல விழுது. யு.வி.பி. தோலைச் சுடும். யு.வி.ஏ. இன்னும் ஆழமா இறங்கி, கருக்க வெக்கும், சீக்கிரமே சுருக்கம் விழ வெக்கும். ஜன்னல் கண்ணாடி முதலாவதை ஓரளவு நல்லாவே தடுக்கும், ரெண்டாவதை அவ்வளவா தடுக்காது. எஸ்.பி.எஃப். நம்பர் முக்கியமா யு.வி.பி.க்கான மார்க். 15-னா சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30-னா 97, 50-னா 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் ஒரே ஒரு சதவீதம்தான் வித்தியாசம். கஞ்சத்தனமா பூசற கை உள்ளவங்களுக்கு 50 கொஞ்சம் கைகொடுக்கும், ஆனா அந்த நம்பருக்காக டபுள் விலை கொடுக்கறது வேஸ்ட். யு.வி.ஏ.க்கு, ட்யூப்ல பி.ஏ.னு போட்டு பக்கத்துல ப்ளஸ் குறி போட்டிருப்பாங்க. ஜப்பான்காரங்க கொண்டு வந்த முறை. மூணு ப்ளஸ், நாலு ப்ளஸ் இருந்தா வாங்கலாம். இல்ல, 'பிராட் ஸ்பெக்ட்ரம்'ங்கற வார்த்தை இருக்கணும். ரெண்டுமே இல்லேன்னா வெச்சுட்டு வந்துடுங்க.

"நாமதான் கறுப்பாச்சே, நமக்கு எதுக்கு?"னு கேக்கற குரல் காதுல விழுது. பாதி நியாயம்! நம்ம தோல்ல இருக்கற மெலனின் ஒரு இயற்கைக் குடை. வெள்ளைக்காரங்க அளவுக்கு நமக்குத் தோல் கேன்சர் பயம் கிடையாது. அந்த பீதியைக் கிளப்பி விக்கறவங்களை நம்பாதீங்க. ஆனா அதே மெலனின்தான் நமக்குத் திட்டுத் திட்டா கருமையையும் மங்கையும் கொடுக்குது. பரு வந்துட்டுப் போன தழும்பு வெயில்ல இன்னும் அழுத்தமா பதியும். வெண்புள்ளி இருக்கறவங்களுக்கு அந்த இடத்துல மெலனினே கிடையாது, அங்க க்ரீம் கட்டாயம். பருவுக்காக டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தாலும் உஷார், அது வெயிலைத் தாங்கற சக்தியைக் குறைச்சுடும். இன்னொண்ணு, சன்ஸ்க்ரீன் பூசினா யாரும் சிவப்பாக மாட்டாங்க. இருக்கற கலரை வெயில் மேல மேல கருக்காமப் பார்த்துக்கும், அவ்வளவுதான். சிவப்பழகு ஆசையில வாங்கறதா இருந்தா அந்தக் காசுக்கு ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிடுங்க, சந்தோஷமாவது மிஞ்சும்.

சரி, வேலூர் வீட்டுக்குள்ள போவோம்.

முதல் உரிமை அம்மாவுக்குத்தான். மங்குக்கு வெயில்தான் பெரிய எதிரி, பூசறதை விட்டா கொஞ்சம் குறைஞ்சது கூட திரும்ப வந்துடும். அவங்க முகத்துக்கு தினமும் ரெண்டு விரல் அளவு, ஒரு நாள் கூட விடாம. அதை விட முக்கியம், பூக்கூடை மேல நிக்கற பெரிய குடை. இருக்கற குடை பூவுக்கு மட்டும் நிழல் கொடுத்து, அம்மாவை வெயில்ல விட்டா, அதைக் கொஞ்சம் நகர்த்தி நடுங்க! காசு செலவில்லாத மேட்டர். மங்குல இன்னொரு சிக்கல் இருக்கு. கண்ணுக்குத் தெரியற சாதாரண வெளிச்சமே அதைக் கிளப்பி விடும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. தோல் கலர்ல வர்ற 'டின்டட்' வகையில இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கும், அது தடுக்கும். காசு தேறற மாசம் அம்மாவுக்கு மட்டும் அதுல ஒரு சின்ன ட்யூப் வாங்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.ல காட்டிடுங்க. ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. மங்குனு நினைக்கறது வேற எதுவாகவும் இருக்கலாம். முக்கியமா, மெடிக்கல் ஷாப்ல "மங்கு க்ரீம் கொடுங்க"னு கேட்டு, ஸ்டீராய்டு கலந்த ட்யூப்பை வாங்கிப் பூசிடாதீங்க. முதல் ரெண்டு வாரம் பளபளப்பா இருக்கும், அப்புறம் ஆப்பு.

அப்பாவுக்கு முழுக்கை சட்டை, இல்லேன்னா பைக் ஓட்டறவங்க மாட்டற கை உறை, கையுறை. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டா முகத்துல பாதி பிரச்சினை முடிஞ்சது. பாலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாக் கதிரை நல்லாவே தடுக்கும். மிச்சம் பின்கழுத்து, காது, இறங்கி நடக்கறப்ப மூக்கு. அங்க மட்டும் க்ரீம். "நான் என்ன பொண்ணா, இதெல்லாம் பூசிக்க?"னு அப்பா சொல்லுவார். எல்லா அப்பாவும் சொல்ற டயலாக்தான். விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காம, காலையில ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்கறப்ப கழுத்துல பூசி விட்டுடு தங்கச்சி. பொண்ணு பூசி விட்டா அப்பாக்கள் பேச மாட்டாங்க.

தம்பிக்கு சுத்தி விளிம்பு வெச்ச தொப்பி. முன்னாடி மட்டும் நீளற கேப் காதையும் கழுத்தையும் அம்போன்னு விட்டுடும். பிராக்டிஸ் இருக்கற நாள்ல மட்டும், கிளம்பறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி க்ரீம். முடிஞ்சா மேட்சை நாலு மணிக்கு மேல வெச்சுக்கச் சொல்லுங்க. ஒரு சிம்பிள் டெஸ்ட் இருக்கு. உன் நிழல் உன் உயரத்தை விடக் குட்டையா இருந்தா வெயில் உக்கிரமா இருக்குனு அர்த்தம். நம்ம ஊர் கோடை உச்சியில புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டறது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 3 வந்தாலே பாதுகாப்பு தேவைனு சொல்லுது.

உனக்கு ஒரு குடை, காலேஜ் நாள்ல காலையில ஒரு தடவை. போதும்.

இப்ப திரும்பக் கணக்கு. அம்மாவுக்கு மாசம் 36 கிராம், அப்பாவுக்கு 30, உனக்கு 24, தம்பிக்கு 20. மொத்தம் 110. அதாவது 100 கிராம் பெரிய பேக் ஒண்ணு, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா மாசத்தை ஓட்டிடும். கோடை முடிஞ்சு மழை நாள்ல இன்னும் மிச்சமாகும். (மேகமா இருந்தா வெயில் இல்லைனு நினைச்சுடாதீங்க, மெல்லிசு மேகத்தை யு.வி. சுலபமா தாண்டும்.)

கடைக்குப் போனா எம்.ஆர்.பி.யைப் பார்க்காதீங்க, அதைக் கிராமால வகுத்துப் பாருங்க. 30 கிராம் 240 ரூபாய்னா கிராம் எட்டு ரூபாய். 100 கிராம் 450-னா நாலரை ரூபாய். முதல்ல சொன்னது சீப்பா தெரியும், ஆனா அதுதான் பர்ஸைக் கடிக்கும். ஸ்ப்ரே வேண்டாம், பாதி காத்துல போகும். எஸ்.பி.எஃப். போட்ட பவுடரும் வேண்டாம், வேணுங்கற அளவு பூசினா கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி ஆயிடும். நாலு பேரும் வியர்க்கற ஆளுங்கங்கறதால 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு இருந்தா நல்லது. ஜிங்க் ஆக்ஸைடு அதிகமா இருந்தா எரிச்சல் கம்மி, ஆனா நம்ம கலருக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா அம்மா ரெண்டாவது நாளே ஓரமா வெச்சுடுவாங்க. அதனால மொத்த ட்யூப் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சாஷேவோ சின்ன பேக்கோ வாங்கி நாலு பேர் கையிலயும் பூசிப் பாருங்க. பூசிக்கறதுக்குப் பிடிச்ச க்ரீம்தான் தீரும், பிடிக்காதது எக்ஸ்பயரிதான் ஆகும்.

விலை ஜாஸ்தின்னா தரமும் ஜாஸ்தியா? 2025-ல ஆஸ்திரேலியாவுல ஒரு நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்க்ரீனை வாங்கி டெஸ்ட் பண்ணுச்சு. 16 க்ரீம் லேபிள்ல போட்டிருந்த நம்பரைத் தொடவே இல்லை. 50-க்கு மேலன்னு போட்டிருந்த விலை உசந்த க்ரீம் ஒண்ணு 4-ல நின்னுச்சு! நாலு! கடைசியில அந்த கம்பெனியே அதைக் கடையிலிருந்து வாபஸ் வாங்கிடுச்சு. பாஸானதுல குழந்தைங்களுக்கான சாதாரண க்ரீமும் ஒண்ணு. அதனால பேக்கிங் அழகைப் பார்க்காம, மனுஷங்க தோல்ல டெஸ்ட் பண்ணினதுக்கு அடையாளமா 'இன்-விவோ'னு போட்டிருக்கானு தேடுங்க. நூத்துக்கு நூறு கேரன்டி இல்லை, ஆனா ஒண்ணுமே போடாத ட்யூப்புக்கு இது மேல்.

தேங்காய் எண்ணெய், கத்தாழை, தயிர் எல்லாம் பூசிக்கறதுக்கு சுகமா இருக்கும். வெயிலைத் தடுக்கற லிஸ்ட்ல அதுங்க பேர் இல்லை. யூடியூப் பார்த்து ஜிங்க் பவுடரை வீட்லயே கலக்கற வேலையும் வேண்டாம், ஒரு இடத்துல கட்டியா நிக்கும், ஒரு இடத்துல ஒண்ணுமே இருக்காது. அக்காவோட கைக்குழந்தை வீட்டுக்கு வந்திருந்தா, ஆறு மாசத்துக்குள்ள இருக்கற பாப்பாவுக்கு க்ரீமே பூசாதீங்க. நிழல், மெல்லிசா மூடற துணி, அவ்வளவுதான்.

தங்கச்சி, கடைசியா ஒண்ணு. வாங்கின ட்யூப்பை அப்பா பைக் சீட்டுக்கடியில போட்டு வைக்க விடாதே. வேலூர் வெயில்ல அது உள்ளயே வெந்து கெட்டுப் போயிடும். வீட்ல கண்ணாடி பக்கத்துல, நாலு பேர் கண்ணுலயும் படற மாதிரி வை. மூடி மேல திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவுல எழுதிடு. நான் போட்ட கணக்குப்படி ஒரு மாசத்துல தீரணும். மூணு மாசம் ஆகியும் பாதி அப்படியே இருந்தா, யாரோ டிமிக்கி கொடுக்கறாங்க. அப்பாவாத்தான் இருக்கும், முதல்ல அங்க விசாரி!

அடுத்த வாரம் மறுபடி சைக்கிள். வர்ட்டா?