ராயபுரம் தோற்றது டெல்லியில்

யானைக்கவுனியில் தேர்தல் பேசினால் குடிநீர், சாக்கடை, குப்பை என்றுதான் போகும். அண்டை நாட்டு விவகாரம் டெல்லியோடு முடிந்துவிடும் என்று அதிமுக நினைத்தது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. 11 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும். அதிமுக ஆதரித்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை. இஸ்லாமியருக்குக் கிடையாது. இலங்கை பட்டியலிலேயே இல்லை. முகாம்களில் கிடக்கும் ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்தான். ஆனாலும் இந்துக்களின் காவலர்கள் கண்ணில் அவர்கள் படவில்லை!

இரண்டே மாதத்தில், யானைக்கவுனியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வண்ணாரப்பேட்டையில் இஸ்லாமியப் பெண்கள் தெருவில் அமர்ந்தார்கள். 2020 பிப்ரவரி 14 இரவு அங்கே போலீஸ் தடியடி. ஆட்சி அதிமுகவுடையது. 2021 தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றார்கள், பாஜகவோடு கூட்டணி வைத்துக்கொண்டே. ராயபுரத்தில் ஐந்து முறை வென்ற அமைச்சர் ஜெயக்குமார் தோற்றார். பாஜக கூட்டணியே காரணம் என்று பின்னர் அவரே சொன்னார்.

இதற்குச் சிலர் வைக்கும் பெயர் 'சிறுபான்மை வாக்கு வங்கி'. சாதிச் சங்கத் தலைவரைப் பார்த்து வேட்பாளரை நிறுத்தும்போது மட்டும் அது 'களநிலவரம்'. தன் குடியுரிமையையே சந்தேகித்த கூட்டணிக்கு வாக்களிக்க மறுப்பதைவிடத் தெளிவான அரசியல் முடிவு எது?

2025 ஏப்ரலில் அதே இரண்டு கட்சிகளும் மீண்டும் கைகோத்தன.