அடுத்தவர் வயலுக்குள் நடக்கும் உரிமை: இங்கிலாந்து கிராமப் பாதைகளுக்கு எதற்குக் காலக்கெடு?

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் ரோடு எதுவும் இல்லை. கோதுமை வயல்தான் இருக்கிறது. வயலுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பயிர் இல்லாமல் ஒரு தடம். படிக்கவோ வேலைக்கோ அங்கே போன நம்ம ஊர் இளைஞர் முதல்முறை பார்த்தால், 'அடுத்தவர் வயலாச்சே, யாராவது திட்டினா?' என்று தயங்கத்தான் செய்வார்.

தயங்க வேண்டாம். நிலம் விவசாயியுடையது, அந்தத் தடத்தில் நடக்கும் உரிமை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொதுப் பாதைகள் சுமார் 1,40,000 மைல், அதாவது 2,25,000 கி.மீ. நீளத்துக்கு இருக்கின்றன. பூமியை ஐந்து முறை சுற்றினாலும் மிச்சம் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் சேராமல் விடுபட்ட பாதைகளும் ஏராளம். அவற்றின் எதிர்காலம்தான் இப்போது கேள்விக்குறி.

'ரைட் ஆஃப் வே' என்றால் என்ன?

ரோடு போட அரசு நிலம் எடுத்தால் நிலம் கைமாறும். இங்கே அப்படி இல்லை. நிலம் தனியாரிடமே இருக்கும். குறிப்பிட்ட ஒரு தடத்தில் போய்வரும் உரிமை மட்டும் பொதுமக்களுக்கு. நிலத்தை விற்றாலும் சரி, அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனாலும் சரி, அந்த உரிமை அப்படியே இருக்கும். ஒருமுறை பொதுப் பாதை ஆகிவிட்டால் அது என்றைக்கும் பொதுப் பாதைதான் என்பது அங்கே பழைய சட்டக் கோட்பாடு. முறையான சட்ட உத்தரவு இல்லாமல் அதை மூடவோ திருப்பிவிடவோ முடியாது.

விவசாயிக்குக் கடமையும் உண்டு. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை அவர் உழலாம். ஆனால் விதைப்புக்காக முதலில் உழுததிலிருந்து 14 நாட்களுக்குள் தடத்தைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். பாதைக்கு வேறு அகலம் குறிப்பிடப்படாவிட்டால், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பயிர் மறைக்காமல் இருக்க வேண்டும்.

கம்பத்தில் உள்ள அம்பின் நிறத்தை வைத்தே பாதை யாருக்கு என்று சொல்லிவிடலாம். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் கூடப் போகலாம். சிவப்பு என்றால் மோட்டார் வாகனத்துக்கும் அனுமதி.

இந்தப் பாதைகளை யார் போட்டது?

பெரும்பாலும் திட்டம் போட்டு யாரும் போடவில்லை. ஜனங்கள் நடந்தார்கள், தடம் விழுந்தது. பண்ணை வேலைக்குப் போனவர்கள், மாவு அரைக்க மில்லுக்குப் போனவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனவர்கள் என எல்லோரும் நடந்து நடந்து உண்டான வழிகள் இவை. லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. ஒரு காலத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்யத் தூக்கிப்போன வழி அது. இன்றைக்கு வீக்எண்ட் வாக்கிங் வருபவர்கள் அதில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நடப்பதால் உரிமை பிறக்கும் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. ஒரு தடத்தைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து, அத்துமீறாமல், ஒளிவுமறைவு இல்லாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் பயன்படுத்தினால் அது பொதுப் பாதையாகக் கருதப்படும் என்கிறது 1980-ம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். அப்படி ஒப்படைக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று நில உரிமையாளர் அந்தக் காலத்தில் காட்டியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

சும்மா கிடைத்ததா?

இல்லை. 1932 ஏப்ரல் 24-ம் தேதி, ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து கிண்டர் ஸ்கவுட் மலைக்கு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கிளம்பினார்கள். பலரும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள். பெரிய நிலப்பிரபுக்கள் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த மலை அது. முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், வயது 20. காவலாட்களுடன் கைகலப்பு ஆனது. ஆறு பேர் கைதாகி, ஐந்து பேருக்குச் சிறை கிடைத்தது.

அந்தக் கோபமும் பல ஆண்டுப் பிரசாரமும் சேர்ந்து 1949-ல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. அதே மலை இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1949 சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. தங்கள் பகுதியில் உள்ள பொதுப் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யுங்கள் என்று கவுன்டி கவுன்சில்களுக்கு உத்தரவிட்டது.

அப்புறம் எப்படிப் பாதை காணாமல் போகும்?

சிக்கல் அந்தப் பதிவில்தான். ஊர் ஊராக நடந்த கணக்கெடுப்பு சில இடங்களில் கவனமாக நடந்தது, சில இடங்களில் ஏனோதானோ என்று நடந்தது. ஒரு ஊர் எல்லை வரை வந்து, அடுத்த ஊரில் சட்டென்று நின்றுவிடும் பாதைகள்கூட வரைபடத்தில் உண்டு.

பதிவில் ஏறிய பாதைக்கு அந்த வரைபடமே அசைக்க முடியாத சாட்சி. ஏறாத பாதைக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். பழைய நிலப் பங்கீட்டு ஆவணங்கள், தேவாலய வரிக்காக 19-ம் நூற்றாண்டில் வரைந்த படங்கள், 1910-ம் ஆண்டின் நில மதிப்பீட்டுப் பதிவேடுகள் எல்லாம் இதற்கு உதவும். கடைசியாகச் சொன்னது சுவாரசியமானது. 'என் நிலத்தில் பொதுப் பாதை போகிறது' என்று காட்டினால் வரிச் சலுகை உண்டு என்பதால், அன்று நில உரிமையாளர்களே எழுதிக் கொடுத்த தகவல் அதில் இருக்கிறது.

நடைப் பயணிகளின் அமைப்பான 'ராம்ப்ளர்ஸ்' தன்னார்வலர்களை வைத்துப் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடங்களோடு ஒப்பிட்டது. பதிவில் இல்லாத பாதைகள் இங்கிலாந்து, வேல்ஸில் 49,000 மைலுக்கும் அதிகமாக இருக்கலாம் என்று 2020-ல் அது அறிவித்தது.

இங்கேதான் காலக்கெடு வருகிறது. 1949-க்கு முந்தைய பாதைகளை 2026 ஜனவரி 1-க்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்றது 2000-ம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் இந்தக் கெடுவை நீக்கப் போவதாக 2022-ல் அரசு சொன்னது. 2023-ல் அதே அரசு பேச்சை மாற்றி, 2031 வரைதான் அவகாசம் என்றது. ஆட்சி மாறியதும், 2024 டிசம்பரில் புதிய அரசு மீண்டும் 'நீக்குகிறோம்' என்று அறிவித்தது.

நில உரிமையாளர் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. குட்டி போடும் பருவத்தில் ஆடுகளை நாய் விரட்டினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். திறந்த கேட்டை மூடாமல் போனால் மாடு ரோட்டுக்கு வந்துவிடும். நிலம் வாங்கி வருஷக்கணக்கான பிறகு 'இதுவழியா பாதை போகுது' என்று ஒருவர் பழைய காகிதத்தோடு வந்து நின்றால் யாருக்கும் எரிச்சல் வரும். எது பாதை, எது இல்லை என்று ஒரு நாளில் முடிவாக வேண்டும் என்று அவர்கள் கேட்பது புரிகிறது.

ஆனால் அதற்குத் தீர்வு காலக்கெடு இல்லை. விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்காமல் கவுன்சில்கள் சீக்கிரம் முடிவு சொல்வதுதான் தீர்வு. இல்லாத பாதையை யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை ஆதாரத்தோடு பதிவு செய்யத்தான் கேட்கிறார்கள். சரியாகக் கணக்கெடுக்காத தவறு அன்றைய அலுவலகங்களுடையது. அதற்கான தண்டனை இன்று நடப்பவர்களுக்கா?

இரண்டு முறை வாக்குறுதி வந்துவிட்டது, ஒருமுறை பின்வாங்கியும் ஆகிவிட்டது. அதனால் அறிவிப்பை மட்டும் நம்பிப் பயனில்லை. காலக்கெடு நீக்கம் நாடாளுமன்றத்தில் சட்டமாக வேண்டும்.

நடக்கப் போறீங்களா?

போன் மேப்பில் கோடு தெரிவதாலேயே உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடுகளைப் பாருங்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். கையில் நாய் இருக்கும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். அதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. அம்பு வயலுக்கு நடுவே காட்டினால் தயங்காமல் நடுவிலேயே போங்கள். ஆள் நடமாட்டம் நின்றுபோன தடம் வேலிச்செடிக்குள் மறைய ரொம்ப நாள் ஆகாது.