கேட்கும்போதே முழுதாகக் கேளுங்கள்
லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இணைய மன்றங்களில் உதவி கேட்டு எழுதுவது ஒரே வரிதான்: ‘வைஃபை வேலை செய்யவில்லை, அவசரம்.’ பதில் வராவிட்டால், இங்கே புதியவர்களை மதிப்பதில்லை என்று நொந்துபோய் விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். மதிப்புக் குறைவு அல்ல காரணம். அந்த ஒரு வரியை வைத்து எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, மடிக்கணினியில் இருப்பது எந்த நிறுவனத்தின் வைஃபை சிப்? எடுத்துக்காட்டாக, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 11ஆம் பதிப்பு வரை, பல வைஃபை சிப்களுக்குத் தேவையான தனியுரிம ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் கிடையாது. 2023இல் வந்த டெபியன் 12இலிருந்துதான் அது சேர்ந்தே வருகிறது. பதிப்பு எண்ணைச் சொன்னாலே பதில் தருபவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். கணினியில் உள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) கட்டளை காட்டும் வரிகளையும் பிழைச்செய்தியையும் எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அதிலிருந்து நகலெடுத்துத் தேடுவது பெரும்பாடு. புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழைகளை எப்படித் தெரிவிப்பது என்று 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணால் கண்டதையும் நாமாக ஊகித்ததையும் கலக்காமல் சொல்லுங்கள் என்பது அதன் முக்கியமான அறிவுரை. இன்றும் அதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. பதில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளில் எழுதுகிறார்கள். அவர்களிடம் ‘அவசரம்’ என்பது நியாயமில்லை. சிக்கல் தீர்ந்ததும், எப்படித் தீர்ந்தது என்பதை அதே இடத்தில் எழுதிவிட்டுப் போங்கள். அதே சிப்போடு அடுத்து வருகிறவருக்கு அது வேண்டும்.